சாவி வந்த வழி

கவலை வந்தால் சிலர் கோயிலுக்குப் போவார்கள். சிலர் அலமாரியைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்குவார்கள். எனக்கு அகராதி. மனசு ஓரிடத்தில் நிற்காத நாட்களில் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, யார் யார் வீட்டில் தங்கி வந்தது என்று தோண்ட ஆரம்பித்துவிடுவேன். போன மழைக்காலம் முழுக்க என் கையில் அகப்பட்ட சொல் சாவி.

அதை நான் தேடிப் போகவில்லை. அது என் கைப்பைக்குள்தான் கிடந்தது. மலையாளம் பேசுகிற இந்த ஊரில், தம்பானூரில் என் அலுவலகம். கிழக்கேகோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற மாடி வீடு. மாடிப்படி முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கிரில் கதவு. அந்தக் கதவின் சாவி என்னிடம். கதவுக்கு உள்ளே என் அப்பா. அவரை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன்.

இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும் என்று தெரியும். எனக்கே போட்டது. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அப்பா ஆரியசாலையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்து, தலை நரைக்கிறவரை அதே கடை. முதலாளி வேறொருவர், ஆனால் காலையில் கடை திறப்பதும் ராத்திரி பூட்டுவதும் அப்பாதான். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கும். அவர் நடந்து வந்தால் முதலில் அதன் சத்தம் வரும், பிறகு அவர் வருவார். கடை மூடி எத்தனையோ காலமாகிறது. இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

மறதி மெல்லத்தான் வந்தது. முதலில் கிழமை போயிற்று, அப்புறம் ஆட்கள். ஒரு நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். ஈரத் தலையோடு தெருத் தெருவாக ஓடினேன். கடைசியில் ஆரியசாலையில்தான் இருந்தார், பூட்டிக் கிடந்த ஷட்டருக்கு முன்னால். மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளி ஒருவர் அவரைக் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்காரவைத்துச் சோடா கொடுத்திருந்தார். அப்பா சோடாவைத் தொடவில்லை. வேட்டி மடிப்பை மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தார்.

“சாவியக் காணல. முதலாளி வார நேரமாச்சு” என்றார் என்னைப் பார்த்து. யாரோ ஓர் ஆளிடம் முறையிடுகிற மாதிரி இருந்தது. வியர்த்துக் கொட்டியது அவருக்கு. கிழக்கேகோட்டை பஸ் நெரிசலை இந்த மனுஷன் எப்படிக் கடந்து வந்தாரோ தெரியாது.

தம்பி பெங்களூரில் இருக்கிறான். “பூட்டிட்டுப் போக்கா. வேற வழியில்ல” என்றான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் சுலபமாகத் தெரியும். ஆனால் அவன் சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. பகலுக்கு ஆள் வைத்துப் பார்த்தோம். வந்தவரை அப்பா கடைக்கு வந்த திருடன் என்று விரட்டிவிட்டார். என் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது. பூட்டினேன்.

அன்றைக்குத் தொடங்கியது இருப்புக்கொள்ளாமை. அடுப்பை அணைத்தேனா? கிரில்லைப் பூட்டினேனா? பூட்டாவிட்டால் போய்விடுவாரே என்று ஒரு பயம். பூட்டியிருந்தால், ஏதாவது ஒன்று ஆனால் வெளியே வர முடியாதே என்று இன்னொரு பயம். இரண்டும் ஒரே மண்டைக்குள் ஒரே நேரத்தில் ஓடும். கைப்பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தொட்டுப் பார்ப்பேன். இருக்கும். அது இருப்பதே பிறகு உறுத்தும்.

என் வேலை மொழிபெயர்ப்பு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம், காப்பீட்டு விளம்பரம், மிக்ஸியை எப்படிக் கழுவுவது, எல்லாம் தமிழில் என் கையால்தான். என் போதாத காலம், அந்த மாதம் மறதி நோய் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. ‘நோயாளியைத் தனியே வைத்துப் பூட்டிச் செல்லாதீர்கள்’ என்று ஒரு வரி. ‘பூட்டிச் செல்வதைத் தவிர்க்கவும்’ என்று மாற்றினேன். ‘இயன்றவரை தவிர்க்கவும்’ என்று மறுபடி மாற்றினேன். மேலதிகாரி அந்த ‘இயன்றவரை’யைச் சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்பினார். மூலத்தில் அது இல்லையாம்.

அன்றைக்கு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் அகராதியைத்தான் புரட்டினேன். சாவி: போர்த்துக்கீசியச் சொல். அவர்கள் ஊரில் ‘சாவ்’ என்கிற மாதிரி ஓர் உச்சரிப்பு. அதற்கும் மூலம் பழைய லத்தீன். கப்பலில் வந்தவர்கள் மிளகை அள்ளிக்கொண்டு போனதைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். போகிறபோது நம் வாயில் அலமாரியை வைத்துவிட்டுப் போனார்கள், மேசையை வைத்தார்கள், சன்னலை வைத்தார்கள், கடைசியில் சாவியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அரை வீடு அவர்கள் கொடுத்தது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காரணம் என் அம்மா. அம்மா நாஞ்சில் நாட்டுக்காரி. அவள் வாயில் சாவி வராது; தாக்கோல்தான். “அந்தத் தாக்கோல எங்க வச்சியோ?” என்று அவள் கேட்டால் அப்பா விடமாட்டார். “மலையாளத்துக்காரியக் கெட்டிட்டு வந்து நான் படுத பாடு! சாவின்னு நல்ல தமிழ்ல சொல்லுட்டி” என்பார். இங்கே மலையாளத்திலும் தாக்கோல் என்றுதான் சொல்வார்கள் என்பதால் அம்மாவும் அதை நம்பிவிட்டாள். தன் தமிழ் கொஞ்சம் மட்டம் என்றே நினைத்திருந்தாள். அகராதி வேறு சொல்கிறது. தாழைத் திறக்கிற கோல் தாழ்க்கோல், அது தேய்ந்து தாக்கோல். பழைய தமிழ் அம்மாவுடையது. அப்பாவின் நல்ல தமிழ் கப்பலில் வந்தது. சொல்லிச் சிரிக்க அம்மா இல்லை. அப்பாவிடம் சொன்னால், “யாரு, எந்த அம்மா?” என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அகராதியை மூடிவிட்டுச் சோற்றையும் மூடினேன்.

ஆனால் சொல் என்னை விடவில்லை. இந்தியில் சாபி, வங்காளத்திலும் சாபி. எல்லாம் அதே கப்பல். கீழ் வீட்டுச் சேச்சி, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர், பேரனின் பொம்மைக் காரை முடுக்கும்போது மட்டும் “சாவி கொடுக்கட்டே” என்பார்; கதவுக்குத் தாக்கோல், பொம்மைக்குச் சாவி. ஜப்பானில் ‘சபி’ என்றால் துருவாம். மேற்கு ஆப்பிரிக்காவில் துறைமுகத்து ஆங்கிலத்தில் ‘சாபி’ என்றால் தெரியும் என்று அர்த்தம். அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனதுதான், ஆனால் வேறு சொல், வேறு வம்சம். போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே தமிழிலும் ஒரு சாவி உண்டு, மணி பிடிக்காத நெல். ஒரு போகம் விளையாமல் போனால் “இந்தப் பூவு முழுக்கச் சாவி” என்று அம்மா வீட்டில் தலையில் கைவைத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சாவிலிருந்து வந்த சாவி. ஒரே ஒலியை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வேலை பார்க்கிறார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் தேடுகிற நேரத்தில் கிரில் கதவை நினைக்க மாட்டேன். அந்த மட்டுக்கும் லாபம்.

ஒரு நாள் கைப்பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கப் பார்த்தேன். பின்னால் இருந்த பெண் கூப்பிட்டுக் கொடுத்தாள். அதோடு மாற்றுச் சாவி போடுவது என்று முடிவு செய்தேன். பழவங்காடிக்குப் பக்கத்தில் குடைக்கு அடியில் உட்கார்ந்து சாவி அராவுகிறவர் அசாம்காரர். “சாபி ஒந்நு மதியோ?” என்று மலையாளத்தில் கேட்டார், ஒன்று போதுமா என்று. உங்கள் ஊரிலும் இப்படித்தான் சொல்வீர்களா என்றேன். “ஞங்ஙளுடெ நாட்டிலும் சாபி தன்னெ” என்றார், இதிலென்ன அதிசயம் என்பது மாதிரி.

மாற்றுச் சாவியை யாரிடம் கொடுப்பது? சேச்சி முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். “மோளே, ஒரு தாக்கோல் இவிடெ தந்தேக்கு. எந்தெங்கிலும் ஒரு ஆவஸ்யம் வந்நால் ஞான் எந்து செய்யும்?” ஓர் அவசரம் என்றால் அவர் என்ன செய்வார்? நியாயமான கேள்வி. ஆனால் சேச்சிக்கு மனசு இளகிவிடும். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு “கடைக்குப் போகணும்” என்று இரண்டு தடவை சொன்னால் போதும், திறந்துவிட்டு ஆட்டோவும் பிடித்துக் கொடுப்பார். அதனால் சரி சரி என்று சொல்லிக் கொடுக்காமலே இருந்தேன். மாற்றுச் சாவியை வீட்டிலேயே ஒளித்தேன். எங்கே என்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அரிசி டிரம்முக்குள்.

அரிசிக் கடையில் ஆயுசைக் கழித்த மனுஷன். எந்த வீட்டில் அரிசிப் பானையைக் கண்டாலும் கை தானாக உள்ளே போகும். ஒரு பிடி அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டு, மோந்து பார்த்து, “புதுசக் கலந்திருக்கான்” என்பார். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில்கூட இதைச் செய்து அம்மாவின் மானத்தை வாங்கியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆளிடமிருந்து ஒரு பொருளை ஒளிக்க நான் தேர்ந்தெடுத்த இடம் அரிசி. மறதி அப்பாவுக்கா எனக்கா என்று பிறகு தம்பி கேட்டான்.

கடையின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கடையில் சாவியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுப்பவர் தராசுத் தட்டில் வைப்பார். வாங்குபவர் அதிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். “கை மாறுனா கட மாறிரும்” என்பார் அப்பா. இன்னொன்று, பூட்டிய ஆள்தான் திறக்க வேண்டும். ராத்திரி அப்பா பூட்டினால் காலையில் முதலாளியே முன்னால் வந்து நின்றாலும், தன்னிடம் ஒரு சாவி இருந்தாலும், அப்பா வருகிறவரை ஷட்டரைத் தொட மாட்டார். தொட்டால் பூட்டியவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். சிறு பிள்ளையில் இதெல்லாம் எனக்குப் பெரியவர்களின் விளையாட்டு மாதிரி இருந்தது.

அந்த வியாழக்கிழமை மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் தம்பானூர் வழக்கம்போல் குளமாகிவிட்டது. செல்போன் அடித்தது. சேச்சி.

“மோளே, வேகம் வா. மேலே நிந்நு புக வருந்நு.”

மேலேயிருந்து புகை வருகிறது. நான் செருப்பைப் போட்டேனா என்றுகூட இப்போது நினைவில்லை. ஒரு ஆட்டோவும் தண்ணீருக்குள் வரச் சம்மதிக்கவில்லை. முழங்காலுக்கு மேலே கலங்கல் தண்ணீர். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நடந்தேன். ஓட முடியவில்லை, அதுதான் கொடுமை. சாவி, சாபி, தாக்கோல், சாவி, சாபி, தாக்கோல் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, சாவி கொடுத்த பொம்மை மாதிரி. நிறுத்த நினைத்தேன், நிற்கவில்லை. எத்தனை மொழியில் தெரிந்து என்ன, திறக்க வேண்டியது ஒரு கதவு, அதற்கு இன்னும் பாதி ஊர் தாண்ட வேண்டும். பத்மநாபா, பத்மநாபா என்று வாய்விட்டுக் கத்தினேன். அகராதி எந்த மூலையில் போய் ஒளிந்ததோ தெரியாது.

வீட்டு வாசலில் ஆள் கூடியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் கையில் கடப்பாரை. படியில் சேச்சி நனைந்து நின்றார். என்னைக் கண்டதும் அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“அச்சன்டெ கையில் தாக்கோல் உண்டு மோளே! எத்ர பறஞ்ஞிட்டும் துறக்குந்நில்ல!”

அப்பாவின் கையில் சாவி இருக்கிறது, எவ்வளவு சொல்லியும் திறக்கவில்லை என்கிறார். எனக்குப் புரியவில்லை. படியேறினேன்.

கிரில்லுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். பின்னால் வீடெல்லாம் புகை மூட்டம். பால் பாத்திரம் கரிந்திருக்கிறது. கேஸை அவரே அணைத்திருக்கிறார், சன்னலையும் திறந்துவிட்டிருக்கிறார். இருமிக்கொண்டிருந்தார். மடியில் விரித்த உள்ளங்கையில் அசாம்காரர் அராவிக் கொடுத்த புதுச் சாவி பளபளவென்று இருந்தது.

என் சாவியால் திறந்தேன். துவாரத்தில் அது போகவே நேரமாயிற்று.

“அது எப்பப்பா கெடச்சுது?”

“வச்ச அன்னைக்கே. அரிசிக்குள்ள இரும்பு கெடந்தா கைக்குத் தெரியாதாட்டி?”

“பின்ன ஏன் திறக்கல? புகைல மூச்சு முட்டியிருந்தா? செத்துப் போயிருந்தா?” கத்தினேன். கீழே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவர் நிதானமாகச் சொன்னார். “பூட்டுன ஆளுதான திறக்கணும். நீதான பூட்டுன. நான் திறந்துட்டு எங்கயாச்சும் போயிட்டேன்னா, வந்து பாக்கையில உனக்குப் பதறாதா?”

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகளின் முகம் மறந்துபோகிற ஆள், மகள் பதறுவாள் என்பதை மறக்கவில்லை. நான் பயந்து பயந்து பூட்டிய அத்தனை நாளும் அவர் நினைத்திருந்தால் எழுந்து போயிருக்கலாம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காக உள்ளே இருந்திருக்கிறார். வாய்விட்டு அழுதேன். சேச்சி என் தலையில் கைவைத்தார், அவரும் அழுதுகொண்டிருந்தார். அப்பா மட்டும் அழவில்லை. குனிந்து அந்தப் புதுச் சாவியை நிலைப்படிமேல் வைத்து என் பக்கமாகத் தள்ளினார், கையில் தராமல்.

மறுநாள் காலையில் அந்தப் புதுச் சாவியைக் கீழே கொண்டுபோய்ச் சேச்சியிடம் கொடுத்தேன். முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது. இன்னொன்றை, இத்தனை நாள் என் கைப்பையில் கிடந்ததை, என்ன செய்வது என்று ராத்திரி முழுக்கப் புரண்டிருந்தேன். தராசுத் தட்டுக்கு நான் எங்கே போவேன்? இட்லித் தட்டைத் துடைத்து அதில் வைத்து அப்பாவின் முன்னால் நீட்டினேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேட்டி மடிப்பில் சொருகினார். முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

“நீ போயிட்டு வா. நான் பூட்டிக்கிடுதேன்” என்றார்.

பூட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. சாவி இடுப்பில் இருக்கும்போது கடையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் அவர் இல்லை. அடுப்புக்குப் போகிற கேஸை நான் கிளம்பும்போதே அடைத்துவிடுகிறேன். சேச்சி அவ்வப்போது படியில் நின்று குரல் கொடுக்கிறார். டாக்டர் கேட்டால் திட்டுவார். தம்பி திட்டிவிட்டான். எனக்கும் நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் கை இன்னும் கைப்பைக்குள் போகிறது. ஒன்றும் அகப்படாமல் திரும்பி வருகிறது. அந்தத் துண்டுப் பிரசுரத்தை ‘இயன்றவரை’ இல்லாமலே கொடுத்து முடித்தேன்.

சாயங்காலம் நான்தான் கிரில்லுக்கு வெளியே நிற்கிறேன். மணியடித்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். உள்ளே செருப்புத் தேய்கிற சத்தம் வரும். “யாரு?” என்று கேட்பார். “நான்தாம்ப்பா” என்பேன். பல நாள் அது போதும், திறந்துவிடுவார். சில நாள் போதாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சாவியை மடியோடு பொத்திக்கொண்டு நிற்பார். மகள் என்று சொல்லிப் பார்த்தேன், பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அந்த நாட்களில் இரண்டும் செல்லாது.

அப்போது “நேரமாச்சு, கடை திறக்கணும்லா?” என்கிறேன்.

“இந்தா, இந்தா” என்று பதறிப்போய்த் திறந்துவிடுகிறார்.